வைகாசி 17: நம்பெருமாள் மீண்டெழுந்தருளிய நாளும் ஆண்டும்

திருப்பூர் மாநகரத்தின் ஓர் அங்கமாகிவிட்ட மண்ணரையில், பனியன் கம்பெனிகளின் சுவர்தோறும் தினசரிக் காலண்டர் தொங்கும். தாளின் நடுவே ஆங்கிலத் தேதி பெரிய எழுத்தில் நிற்கும். தமிழ்த் தேதியும் திதியும் நக்ஷத்ரமும் ஓரத்தில் சிற்றெழுத்தில் ஒதுங்கியிருக்கும். அவ்வூரின் அண்மை வரலாறும் அந்தப் பெரிய எழுத்தைக் கொண்டே நினைவில் நிற்கிறது. திருப்பூர்க் குமரன் உயிர்நீத்தது 1932 ஜனவரி 11. சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2011 ஜனவரி 28. இவ்விரு நாள்களுக்கும் நக்ஷத்ரம் எதுவென்று கேட்பாரில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆயின் 2017 மே 1 அன்று, தொழிலாளர் தின விடுமுறையில் அக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, தாளின் ஓரத்துச் சிற்றெழுத்தில் நின்ற சித்திரைத் திருவாதிரையே எம்பெருமானாரின் ஆயிரமாவது திருநக்ஷத்ரமாய் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. ஒரே தாளில் இரண்டு கணக்குகள் உள்ளன. எந்தக் கணக்கில் ஒரு நிகழ்ச்சி பதிவாயிற்று என்பதைக் கொண்டே, அதனைப் பதிந்தவர் யார், எதற்காகப் பதிந்தார் என்பதும் ஒருவாறு விளங்கும்.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் தன் ஆசார்யர்களின் நாள்களை மாதத்தாலும் நக்ஷத்ரத்தாலும் காத்து வந்துள்ளது. வைகாசி விசாகம் என்றால் நம்மாழ்வார். ஐப்பசித் திருவோணம் என்றால் பிள்ளை லோகாசார்யர். புரட்டாசித் திருவோணம் என்றால் வேதாந்த தேசிகர். ஐப்பசித் திருமூலம் என்றால் மணவாள மாமுனிகள். இவற்றுள் ஆண்டு இரண்டாம் இடத்ததே. கொண்டாட்டத்துக்கு ஆண்டு வேண்டுவதில்லை. நாள் ஒன்றே போதும். ஆண்டையும் காக்க வேண்டும் என்று கருதியவிடத்துப் பெரியோர் கடபயாதி முறையில் அதனை ஒரு சொல்லுக்குள் மறைத்து வைத்தனர். எம்பெருமானார் திருவவதாரத்துக்கு ‘தீர்லப்தா’ என்பது சொல். தவர்க்கத்தின் நான்காம் எழுத்துக்கு 9, லகரத்துக்கு 3, மறுபடியும் தவர்க்க நான்காம் எழுத்துக்கு 9. வலமிருந்து இடமாக வைக்கினும் இடமிருந்து வலமாக வைக்கினும் சகாப்தம் 939. அதுவே பிங்கள வருஷம், 1017. திருநாட்டுக்கெழுந்தருளிய ஆண்டுக்கு ‘தர்மோ நஷ்ட:’ என்பது சொல். 9, 5, 0, 1 என வரும் எண்களைத் திருப்பி வைத்தால் சகாப்தம் 1059; இதுவும் பிங்கள வருஷமே. தர்மம் அழிந்தது என்னும் பொருளையே எண்ணாக்கி வைத்தவர் கணக்கு மட்டும் அறிந்தவர் அல்லர். இந்த ஆண்டை 1137 என்று எழுதுவது வழக்கம். அத்திருநாள் மாசி மாதத்து சுக்ல தசமியாதலின், பிங்கள வருஷத்தின் கடைப்பகுதியான அந்நாள் ஆங்கிலக் கணக்கில் 1138இன் தொடக்கத்திலேயே விழும். வருஷப் பெயரை அப்படியே ஓர் ஆங்கில ஆண்டாக மாற்றிவிடும் பழக்கத்தால் விளையும் பிழைகளில் இது மிகச் சிறியது.

பெரிய பிழைக்கு இடமளிப்பது அறுபதாண்டுச் சுற்று. பிங்கள வருஷத்தில் அவதரித்து, இடையில் ஒரு பிங்களத்தையும் கண்டு, மூன்றாம் பிங்களத்தில் திருநாடு சேர்ந்தார் எம்பெருமானார். வருஷப் பெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவனுக்கு இம்மூன்றும் ஒன்றே. ஓலையில் பெயர் மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சுற்று என்பதை வேறு சான்றால் துணிய வேண்டும். கல்வெட்டில் சகாப்தமும் வருஷப் பெயரும் சேர்ந்து வரும்போது இரண்டும் ஒத்துச் செல்கின்றனவா என்று பார்த்த பின்னரே எதனையும் சொல்ல வேண்டும்.

இந்த எச்சரிக்கை மிகவும் வேண்டப்படுவது திருவரங்கத்தின் இரண்டு நாள்களைப் பற்றிப் பேசும்போது: அழகிய மணவாளப் பெருமாள் கோயிலை விட்டுப் புறப்பட்ட நாள், மீண்டும் கோயிலுக்குள் எழுந்தருளிய நாள்.

முதல் நாளுக்குத் தேதி இல்லை. தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது 1323 என்பது பெரும்பாலான ஆய்வாளர் கொண்ட முடிவு. உலூக் கான் என்னும் இளவரசன், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என அரியணை ஏறியவன், வாரங்கல்லை வென்றதும் அவ்வாண்டே. 1311இல் மாலிக் காபூர் வந்த காலத்தோடு இதனை இணைப்பவரும் உளர். கொள்ளிடக் கரையில் பெருமாள் உத்ஸவம் கண்டருளிக்கொண்டிருந்த வேளையில் செய்தி வந்தது என்றும், பிள்ளை லோகாசார்யர் பெருமாளை மறைவாய் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றார் என்றும், பெரிய பெருமாள் ஸந்நிதி கல்லால் மறைக்கப்பட்டது என்றும், பின்தங்கிய வைஷ்ணவர்கள் பன்னீராயிரவர் உயிர் துறந்தனர் என்றும் ஸம்ப்ரதாயம் கூறும். பன்னீராயிரம் முடி திருத்திய கலகம் என்று அந்நிகழ்ச்சிக்குப் பெயரே உண்டு. எண் உண்டு, பெயர் உண்டு, இடம் உண்டு. நாள் மட்டும் நோன்பாகவோ துக்க தினமாகவோ ஏற்கப்படவில்லை. அத்துயரத்தின் நினைவு காலத்தைப் பற்றிக்கொள்ளாமல் கல்லைப் பற்றிக்கொண்டது. கீழை வாசலில் நிற்கும் வெள்ளைக் கோபுரத்துக்கு, படைத்தலைவனோடு தானும் வீழ்ந்து மாண்ட வெள்ளை என்னும் தாசியின் பெயர் நின்றது என்பர்.

லோகாசார்யர் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கெழுந்தருளினார். ஆனி மாதத்துக் கிருஷ்ணபக்ஷ துவாதசி அந்நாள். குரோதன வருஷம், அதாவது 1205, ஐப்பசித் திருவோணத்தில் அவதரித்தவர் ஆதலின், 1323ஐ ஏற்றால் அவருக்கு அப்போது 118 திருநக்ஷத்ரம். அந்த முதுமையில் ஒருவர் காட்டு வழியில் அர்ச்சாவிக்ரஹத்தைக் காத்துச் சென்றார் என்பதை நம்ப மறுப்பவர் உண்டு. 1311ஐப் பற்றிக்கொள்வோரின் காரணங்களில் அதுவும் ஒன்று. எனினும் ஆனி துவாதசி என்னும் திதி எந்தக் கட்சியாலும் அசைக்கப்படவில்லை. நாள் நிற்கிறது, ஆண்டு மட்டும் வாதத்துக்குள் நகர்கிறது. இந்த நிலையை மறுபடியும் காண நேரும்.

பெருமாள் சென்ற வழி நீண்டது. திருமாலிருஞ்சோலை, மலையாளக் கரை, கொங்கு நாட்டின் வடமேற்கு மலைகளுக்கு அப்பாலுள்ள திருக்கணாம்பி, திருநாராயணபுரம், பின்னர் திருமலை. திருமலையில் பெருமாள் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த மண்டபம் ரங்கநாயக மண்டபம் என்னும் பெயரோடு இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ இதே காலத்தில் வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகை ஓலைகளையும் அதன் ஆசிரியரான ஸுதர்சன ஸூரியின் பிள்ளைகள் இருவரையும் காத்துக்கொண்டு மேற்கே சென்றார் என்பது வரலாறு. அவர் தங்கிய இடத்தைக் கொங்கு நாட்டுச் சத்தியமங்கலம் என்று ஒரு சாராரும், மலைக்கு அப்பால் கொள்ளேகாலத்தை அடுத்துக் காவிரிக்கரையில் உள்ள சத்தியாகாலம் என்று ஒரு சாராரும் கூறுவர். பெயர் ஒற்றுமையால் எழுந்த இவ்வழக்கில் சத்தியாகாலத்தின் பக்கமே வலிமை அதிகம். திருநாராயணபுரத்தோடு தேசிகருக்கு இருந்த தொடர்புக்கும் அதுவே பொருந்தும். ஆயினும் கொங்கு நாட்டார் தங்கள் சத்தியமங்கலத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் தொண்டை மண்டலத்தை வென்று, மதுரைச் சுல்தானியத்தின் மீது படை நடத்திய காலத்தில், அவனுடைய அதிகாரியாய்ச் செஞ்சியில் இருந்தவர் கோபணார்யர். கம்பணனின் தேவியான கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் இப்படையெடுப்பைப் பாடும் வடமொழிக் காவியம். கோபணார்யர் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி, அங்குச் சிலகாலம் ஆராதித்து, கண்ணனூரில் நிலைகொண்டிருந்த படையை வென்ற பின் திருவரங்கத்தில் உபயநாச்சிமாரோடு மீண்டும் பிரதிஷ்டை செய்தார். இந்தச் செய்தி முழுவதும் திருவரங்கம் கோயிலில் கிழக்குச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிச் சுலோகங்களில் உள்ளது. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை எபிகிராபியா இண்டிகாவின் ஆறாம் தொகுதியில் பதிப்பித்தார். அதன் முதற் சொல்லே ஆண்டைத் தருகிறது: ‘பந்துப்ரியே’. பவர்க்கத்தின் மூன்றாம் எழுத்து 3, தவர்க்கத்தின் நான்காம் எழுத்து 9, ரகரம் 2, யகரம் 1. திருப்பி வைத்தால் சகாப்தம் 1293. உறவினர்க்கு இனியது என்னும் பொருள் தரும் சொல்லை, ஊர் விட்டுப் போன பெருமாள் தம் அடியாரிடம் மீண்டு வந்த ஆண்டுக்குக் கவி தேர்ந்தெடுத்திருப்பது தற்செயல் ஆகாது.

பெருமாள் மீண்டு வந்தபோது கோயிலில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. இடைக்காலத்தில் வேறோர் உத்ஸவத் திருமேனி பிரதிஷ்டை செய்யப்பட்டு ஆராதனம் நடந்துவந்தது. வந்தவர் முன்னிருந்த அழகிய மணவாளர்தாமா என்பதை யார் சொல்வது? பழைய தலைமுறையில் எஞ்சியிருந்தவர் மிகச் சிலர். அப்போது முதிர்ந்து கண்பார்வை இழந்திருந்த ஈரங்கொல்லி ஒருவர், பெருமாளின் பரிவட்டங்களைத் துவைத்துக் கைங்கர்யம் செய்தவர், இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து ஈரவாடைத் தீர்த்தம் தரும்படி கேட்டார். இரண்டையும் சுவைத்தவர், வந்தவரின் தீர்த்தத்தை உட்கொண்டதும், இவரே நம் பெருமாள் என்று கூவினார். அன்று முதல் அத்திருநாமமே நிலைத்தது. இடையில் எழுந்தருளியிருந்தவர் திருவரங்க மாளிகையார் என்னும் திருநாமத்தோடு இன்றும் ஸந்நிதியில் இருக்கிறார். அவர் நீக்கப்படவில்லை என்பதும் நினைக்கத் தக்கது. வேதம் வல்லாரும் கோயில் கொத்துத் தலைவர்களும் கூடியிருந்த அவையில் வழக்கைத் தீர்த்தது துணி வெளுப்பவரின் நா. நூலும் சாயமும் வெளுப்பும் தொழிலாகக் கொண்ட நொய்யற்கரையில் இந்த வரலாற்றை எடுத்துரைப்போர், துணியில் ஊறிய கஸ்தூரியின் மணம் ஒருவர் நினைவில் அத்தனை ஆண்டுகள் தங்கியது எவ்வாறு என்பதை அவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. துணியோடு வாழ்பவர்க்கு அது வியப்பன்று.

இனி நாளுக்கு வருவோம். கல்வெட்டில் ஆண்டு மட்டுமே உண்டு. மாதமும் நாளும் இல்லை. அவற்றைத் தருவது கோயிலொழுகு: பரிதாபி வருஷம், வைகாசி மாதம், 17ஆம் தேதி. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது, இது நக்ஷத்ரமும் அன்று, திதியும் அன்று; ஸௌரமானத் தேதி என்பது. ஆசார்யர்களின் நாள்களை நக்ஷத்ரத்தால் காத்த ஸம்ப்ரதாயம், பெருமாள் மீண்ட நாளை மட்டும் ஏன் தேதியால் காத்தது? ஒழுகு என்பது கோயிலின் பதிவேடு. கணக்கர் வரவு செலவையும் படித்தரத்தையும் தேதியிட்டே எழுதுவர். நக்ஷத்ரம் உத்ஸவம் நடத்துவோர் மொழி; தேதி கணக்கெழுதுவோர் மொழி. வைகாசி 17 என்னும் குறிப்பு, அன்று கோயில் பண்டாரத்தில் திறந்திருந்த ஏதோ ஒரு கணக்கோலையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கொள்வது பொருந்தும். பின்னாளில் எவரேனும் கற்பித்திருந்தால், ரோகிணி என்றோ ரேவதி என்றோ ஒரு நக்ஷத்ரத்தைச் சூட்டியிருப்பார். 17 என்னும் வெறும் எண்ணைக் கற்பிக்க யாருக்கும் ஆசை எழாது.

ஆனால் ஆண்டு இடறுகிறது. சகாப்தம் 1293 என்பதைக் கழிந்த ஆண்டாகக் கொண்டால் 1371இல் பிறந்த விரோதிகிருது வருஷம். நடப்பு ஆண்டாகக் கொண்டால் அதற்கு முந்திய சாதாரண வருஷம். பரிதாபியோ விரோதிகிருதுக்கு அடுத்தது, 1372இல் பிறந்தது. எந்த வகையில் எண்ணினாலும் கல்லும் ஒழுகும் ஓராண்டாவது விலகியே நிற்கின்றன. எழுதுவோர் பலர் இதனைக் கவனியாது, பரிதாபி வருஷம் வைகாசி 17, 1371 என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகின்றனர். அப்படியொரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

சாதாரண வருஷத்தை முதலிலேயே விலக்கலாம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கழிந்த ஆண்டுக் கணக்கே பெருவழக்கு. எஞ்சியவை இரண்டு. பெருமாள் வெளியே எழுந்தருளியிருந்த காலம் 48 ஆண்டுகள் என்னும் செய்தி விரோதிகிருதுக்கு உதவுவது போல் தோன்றும். 1323இலிருந்து 1371 வரை சரியாக 48. ஆயினும் தொடக்க ஆண்டே வாதத்துக்கு உட்பட்டதாய் இருக்க, அதிலிருந்து எண்ணிப் பெற்ற தொகையைச் சான்றாகக் காட்டுவது சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பதாகும். அந்த 48 கூட, இவ்விரு ஆண்டுகளையும் கழித்து எவரோ பெற்ற எண்ணாக இருத்தல் கூடும்.

பரிதாபி என்னும் பெயர் பிழையாக நுழைந்திருக்குமோ என்று ஐயுறவும் இடமுண்டு. திருவரங்கத்தார் செவிக்கு அப்பெயர் மிக இனியது. பெருமாள் பெரிய திருமண்டபத்தில் மணவாள மாமுனிகளைத் திருவாய்மொழிக்கு ஈடு முப்பத்தாறாயிரப்படி கொண்டு காலக்ஷேபம் ஸாதிக்கும்படி நியமித்து, தம் உத்ஸவங்களையும் நிறுத்திவைத்துக் கேட்டருளியது, ஒரு பரிதாபி வருஷத்து ஆவணி மாதத்தில் தொடங்கி அடுத்த பிரமாதீச வருஷத்து ஆனித் திருமூலத்தில் நிறைவுற்றது. அது 1432, 1433. அந்த நிறைவு நாளில்தான் பெருமாள் தாமே சிறுபிள்ளை வடிவில் வந்து ‘ஸ்ரீசைலேச’ தனியனைச் ஸமர்ப்பித்தார் என்பது தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையான செய்தி. ஈட்டின் பரிதாபிக்கு அறுபதாண்டு முந்தியது பெருமாள் மீண்ட பரிதாபி. ஒன்றன் பெயர் மற்றொன்றில் ஒட்டிக்கொண்டது என்று ஓர் ஆய்வாளர் வாதிட்டால், அதனை முற்றிலும் புறக்கணிக்க இயலாது. ஒழுகு பல கைகளைக் கடந்து வந்த நூல்.

இங்கேதான் திதி உதவிக்கு வருகிறது. தமிழ்த் தேதி ஒன்றைக் கொடுத்தால், அந்நாளில் சந்திரன் நின்ற நிலையைக் கணிக்கலாம். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்கப் பெருநூல் இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே உழைத்து ஆக்கப்பட்டது. கிறிஸ்தவரான அப்பெரியார், சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தவர், வைதிகரின் திதி வார நக்ஷத்ரங்களுக்கு ஆற்றிய தொண்டு வைதிகர் பலர் ஆற்றாதது. அக்கணித முறையில் பார்த்தால், விரோதிகிருது வருஷத்து வைகாசி 17, ஜூலியன் கணக்கில் 1371 மே 13. அது கிருஷ்ணபக்ஷத்தின் கடைசி நாள்களில், அமாவாஸ்யைக்கு இரண்டு நாள் முன்னதாக விழுகிறது. பரிதாபி வருஷத்து வைகாசி 17, 1372 மே 12. அது சுக்லபக்ஷத்தில், அஷ்டமி நவமிகளை ஒட்டி, உத்தரத்தைச் சூழ்ந்த நக்ஷத்ரங்களில் விழுகிறது. திதியின் நாழிகைகளில் சிறிது முன்பின் இருக்கலாம்; பக்ஷத்தில் ஐயமில்லை.

அரை நூற்றாண்டு காத்திருந்து, செஞ்சியில் சிலகாலம் எழுந்தருளப்பண்ணி வைத்து ஆராதித்த ஒருவர், பெருமாளைத் திருவரங்கத்தில் பிரதிஷ்டை செய்யத் தேய்பிறையின் இறுதியைத் தேர்ந்தெடுத்திருப்பாரா? போர் முனையில் முகூர்த்தம் பார்க்கப் பொழுது இல்லை என்று சொல்லலாம். ஆனால் செஞ்சியில் நிறுத்தி வைத்ததே தகுந்த வேளை பார்த்ததற்கு அடையாளம். வளர்பிறை விழுவது தற்செயலாகவும் நேரலாம். இரண்டில் ஒன்று என்னும் அளவுக்கு அதற்கு வாய்ப்பு உண்டு. ஆதலின் இதனை முடிந்த முடிவென்று கூறுதல் தகாது. எனினும் ஒழுகு தரும் வருஷமும் தேதியும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன என்பதும், வருஷத்தை மாற்றினால் அவ்விசைவு கெடுகிறது என்பதும், பரிதாபியின் பக்கம் தராசைச் சாய்க்கின்றன. ஈட்டின் பரிதாபி இங்கே தவறி ஒட்டியது என்னும் ஐயத்தின் வலிமையும் இதனால் குறைகிறது.

அப்படியாயின் கல்லின் 1293ஐ என் செய்வது? சகாப்த எண்ணும் வருஷப் பெயரும் ஓராண்டு முன்பின் ஆவது தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் அரிதன்று. கல்வெட்டுத் துறையினர் நாள்தோறும் காண்பது. வேறொரு வழியும் உண்டு. கவி தம் சுலோகத்தில் பெருமாளைக் கொணர்ந்ததும், செஞ்சியில் ஆராதித்ததும், பகைவரை வென்றதும், பிரதிஷ்டை செய்ததுமாகிய பல செயல்களை ஒரே வாக்கியத்தில் கோத்துள்ளார். வெற்றி விரோதிகிருதுவின் கடைப்பகுதியிலும், பிரதிஷ்டை பரிதாபியின் இரண்டாம் மாதத்திலும் நிகழ்ந்திருந்தால், வெற்றியின் ஆண்டே செய்யுளின் முதற் சொல்லாய் அமைந்திருக்கலாம். பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையே இரண்டு மாதமே ஆயினும் வருஷம் மாறிவிடும். கல்லையும் ஓலையையும் பகைவராக்காத இவ்வழியே ஏற்புடையது.

இம்முடிவால் ஒரு விளைவு உண்டு. அதனை மறைப்பதில் பயனில்லை. சுவரில் உள்ள சுலோகங்களை அருளிச்செய்தவர் வேதாந்த தேசிகரே என்பதும், பெருமாள் மீண்ட செய்தி கேட்டு அவர் திருவரங்கம் வந்து ஸேவித்தார் என்பதும் வடகலைக் குருபரம்பரையில் பெருமிதத்தோடு சொல்லப்படுபவை. தேசிகர் விபவ வருஷம், 1268, புரட்டாசித் திருவோணத்தில் அவதரித்து, சௌமிய வருஷம் கார்த்திகை மாதத்தில் திருநாட்டுக்கெழுந்தருளினார் என்பதும் அதே குருபரம்பரை தரும் கணக்கு. சௌமிய கார்த்திகை 1369இன் இறுதி. விரோதிகிருதுவை ஏற்றாலும் பரிதாபியை ஏற்றாலும் பெருமாள் மீண்டது அதற்குப் பின்னரே. ஒன்று சௌமியத்தை நகர்த்த வேண்டும். அன்றேல் சுலோகங்களின் கர்த்தா வேறொருவர் என்று கொள்ள வேண்டும். அன்றேல் தேசிகர் ஸேவித்தது இறுதிப் பிரதிஷ்டைக்கு முன் நிகழ்ந்த வேறொரு எழுந்தருளல் எனக் கொள்ள வேண்டும். சுலோகங்களில் கவியின் பெயர் இல்லை. ஆதலின் அவற்றைக் கொண்டு தேசிகரின் காலத்தை நீட்டுவது முறையன்று. அவரது காலத்தைக் கொண்டு கல்லின் ஆண்டைக் குறைப்பதும் முறையன்று. ச்ருதப்ரகாசிகையைக் காத்துக் கொடுத்தவர்க்கு, சுவரில் இரண்டு சுலோகங்கள் அவருடையனவாய் இருப்பதாலோ இல்லாதிருப்பதாலோ ஏற்றமும் தாழ்வும் இல்லை. தென்கலையார் சிலர் இந்த முரணைக் கண்டு மகிழ்வதும், வடகலையார் சிலர் அதனைக் கண்டும் காணாதது போல் கடப்பதும் ஒரே அளவில் வருந்தத் தக்கவை.

மாமுனிகளின் கணக்கில் இத்தகைய முரண் இல்லை. சாதாரண வருஷத்து ஐப்பசித் திருமூலம் 1370. பெருமாள் பரிதாபி வைகாசியில் கோயிலுக்கு எழுந்தருளியபோது அவர் ஒன்றரை வயதைக் கடந்த குழந்தை. லோகாசார்யர் பெருமாளைக் காத்துச் சென்ற வழியில் பெருமாளுக்கு ஒரு தலைமுறை கழிந்தது. மீண்டு வந்தபின் ஈடு கேட்க இன்னொரு தலைமுறை காத்திருந்தது. அக்குழந்தை வளர்ந்து பெரிய திருமண்டபத்தில் அமர இடையில் வேண்டியிருந்தது சரியாக ஓர் அறுபதாண்டுச் சுற்று.

அடுத்த பரிதாபி 2032 ஏப்ரலில் பிறக்கிறது. அவ்வாண்டு வைகாசி 17, மே மாத இறுதியில் வரும். நம்பெருமாள் மீண்டெழுந்தருளியதற்கு அன்று பதினொரு சுற்றுகள், 660 ஆண்டுகள் நிறைகின்றன. அதே ஆண்டு ஆவணியில் ஈட்டுக் காலக்ஷேபம் தொடங்கியதற்குப் பத்துச் சுற்றுகள் நிறையும். ஆனித் திருமூலத்துக்கு ஆண்டுதோறும் கொண்டாட்டம் உண்டு. கணக்கர் எழுதிவைத்த 17ஆம் தேதியையும் அதன் அருகே வைத்துப் போற்றுவதாயின், அதற்குப் புதிதாய் ஒரு நக்ஷத்ரத்தைத் தேடிச் சூட்ட வேண்டியதில்லை. ஒழுகு தந்த தேதியாகவே அது இருக்கட்டும். காலண்டர்த் தாளில் அன்று ஆங்கிலத் தேதிக்குக் கீழே அது சிற்றெழுத்தில் அச்சாகியிருக்கும்.